முதல் மாலைக்கு ஒரு போர்

நிலாவில் ஓட்டல் கட்டி, அங்கே இட்லி கல்லாக இருக்கிறது என்று புகார் எழுதும் அளவுக்கு மனிதகுலம் முன்னேறிவிட்டது. மேலச்சுனைக்கும் கீழச்சுனைக்கும் இருந்த தகராறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு சுனை, சுனைக்கரையில் ஒரு அய்யனார் கோயில், வருஷத்துக்கு ஒரு கொடைத் திருவிழா. கொடையன்று சாமி கழுத்திலிருந்து இறக்கும் முதல் மாலை யார் கழுத்தில் விழுவது என்பதுதான் தகராறு. முன்னூறு வருஷத்துக்கு முந்தி இரண்டு ஊரும் போர் செய்தன, ஜெயித்த ஊருக்கு முதல் மாலை என்று அன்றைக்கே பேச்சு, இதுவரை இரண்டு ஊருக்கும் சம்மதம். ஜெயித்தது யார் என்பதில்தான் ஒத்துவரவில்லை. ஒரு முழம் பூவுக்காகப் பேருந்தைக் கொளுத்தினார்கள், கோயிலைப் பூட்டினார்கள், மூன்று வருஷம் சாமியை மாலையே இல்லாமல் நிற்கவைத்தார்கள்.

சமாதானக் கூட்டம் போட்டுப் போட்டுச் சலித்துப்போன ஓர் அதிகாரி அம்மாளுக்கு ஒரு யோசனை உதித்தது. அதிகாரிகளுக்கு உதிக்கிற யோசனை எப்போதும் வேறு யாருடைய மேஜையிலாவது வந்து விழும். இந்த முறை கோயம்புத்தூரில் பூங்கோதையின் மேஜையில் விழுந்தது.

பூங்கோதை விளையாட்டுக்கு விதி எழுதுகிறவள். அவள் வேலை பார்த்த கம்பெனி 'அண்டப் படை' என்ற மேஜைப் போர் விளையாட்டை விற்றுக் கொழுத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் உயரத்தில் இயந்திர வீரர்கள். மேஜையில் பரப்பிவிட்டால் தாமே நடப்பார்கள், தாமே சுடுவார்கள், சுடப்பட்டால் சாய்வார்கள். வியாழனின் நிலாக்களைப் பிடிக்கிற சண்டை. வீட்டில் எலியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்ளும் ஆண்கள் அந்தப் பொம்மைகளை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சேனாதிபதிகளாக இருந்தார்கள்.

முதலாளி முரளிதரன் செய்தியைக் கேட்டதும் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சரித்திரப் பதிப்பு, பூங்கோதை. ரெண்டு ஊரும் நம்ம மேஜையில அந்தப் போரைத் திரும்ப நடத்தப்போறாங்க. ஜெயிக்கற ஊருக்கு முதல் மாலை. எழுதிக் கையெழுத்தே போட்டுட்டாங்க. நீங்க லேசரை எடுத்துட்டு வளரியப் போடுங்க, விண்கலத்தை எடுத்துட்டுக் குதிரையப் போடுங்க. வேற என்ன இருக்குது?"

"மனுஷன் இருக்கானுங்க சார்," என்றாள் பூங்கோதை. "அண்டப் படையில இருக்கறது இயந்திரம். அதுக்கு ஒரே ஒரு விதிதான். 'எதிரியைக் கண்டால் தாக்கு.' தெருநாய்க்குக்கூட இதவிட நாலு விதி அதிகம். வேட்டி கட்டிவிட்டுட்டா அது மனுஷனாயிடுமா?"

அந்த ஒற்றை விதியை அவள் வெகுநாளாக வெறுத்து வந்தாள். அதை எழுதியவர் முரளிதரன், விற்றதும் அதுதான், அதனால் வெறுப்பை வெளியே காட்டியதில்லை. இப்போது வாய்ப்பு வந்தது. பயப்படுகிற, தாகமெடுக்கிற, பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கிற பொம்மைகளை வைத்து உண்மையான ஒரு போரை எழுத அவளுக்கு ஆசை.

அதற்கு மனம் வேண்டும். கம்பெனியில் மனவித்து என்று ஒன்று செய்திருந்தார்கள். கடுகளவு இருக்கும். ஒரு மனிதனின் குணத்தை நகலெடுத்து அதில் வைத்துப் பொம்மையின் நெஞ்சில் பதித்துவிடலாம். முன்னூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களிடம் போய் நகலெடுக்க முடியாது. வாரிசுகள் இருக்கிறார்களே. கொடைக்குக் காப்புக் கட்டிய நாளில் மஞ்சள் கயிற்றோடு ஒரு மெல்லிய வளையத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். ஊருக்கு இருநூறு பேர், ஆணும் பெண்ணுமாக. அடுத்த ஒரு வாரம் அந்த வளையம் அவர்கள் எதற்குப் பதறினார்கள், எதற்கு அடங்கினார்கள், யார் பக்கத்தில் நின்றால் அவர்கள் நெஞ்சு நிம்மதியாக இருந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்கள் வெளியே வராது, எண்தான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். மனவித்துகளை அதிகாரி அம்மாளே அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார். இனி எந்தப் பொம்மையின் நெஞ்சையும் யாரும் தொட முடியாது. மாற்றலாம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான விதியை மட்டும், அதுவும் இரண்டு ஊரும் சம்மதித்தால்.

மேற்பார்வைக்கு இரண்டு ஊர்த் தலைவர்களும் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். மேலச்சுனைத் துரைசிங்கத்துக்கு மீசை பெரிது. கீழச்சுனைப் பேச்சிமுத்துவுக்கு வயிறு பெரிது. இருவருடைய மனத்தையும்தான் அந்தந்த ஊர்ப் படைத்தலைவன் பொம்மையில் வைத்திருந்தார்கள். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி திருப்தி.

"என்னம்மா, எங்க ஆளுவளுக்கு மீச இவ்வளவுதானா?" என்றார் துரைசிங்கம், பொம்மையைக் கண்ணருகே வைத்துப் பார்த்து.

"அவங்க குதிர நம்ம குதிரயவிட ஒசரமா தெரியுதே," என்றார் பேச்சிமுத்து.

"ரெண்டும் ஒரே அச்சுதாங்க," என்றான் அருள்தாஸ். பொம்மை வார்த்து வண்ணம் தீட்டுகிறவன் அவன். காலையிலிருந்து இதை நாலு முறை சொல்லிவிட்டான்.

விதியைப் படித்துக் காட்டினாள் பூங்கோதை. அச்ச விதி, பின்வாங்கும் விதி, தோழமை விதி.

"பின்வாங்குறதுன்னா?"

"உயிர் பொழைக்க ஓடறது."

துரைசிங்கம் மீசையைத் தடவினார். "எங்க வம்சத்துல எவனும் முதுகு காட்டுனது கெடையாது தாயி. அத எடுத்துருங்க. அவங்களுக்கு வேணும்னா வச்சுக்கிடுங்க, அவங்களுக்குத் தேவப்படும்."

"யாருக்குவே தேவப்படும்?" என்று பேச்சிமுத்து எழுந்தார். "எங்க பக்கம் எடுத்துருங்கம்மா. இவருக்கு ரெண்டு மடங்கா போடுங்க."

"விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்," என்றாள் பூங்கோதை. "இருந்தா ரெண்டு பேருக்கும் இருக்கும். பயமே இல்லாத மனுஷனை உங்க ஊர்ல யாராவது பாத்திருந்தா கூட்டிட்டு வாங்க, நான் எடுத்துடறேன்."

இருவரும் முறைத்துக்கொண்டு போனார்கள். விதி அப்படியே நின்றது. அன்று முழுவதும் அவள் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

மறுநாள் மதியம் சோதனை ஓட்டம். மேஜைமேல் சுனை, பாறை, நடுவில் பொட்டல். அவளும் அருள்தாஸும் மட்டும். இரண்டு படையையும் இரண்டு கோடியில் நிறுத்தி, போர் தொடங்கட்டும் என்று உத்தரவு கொடுத்தாள்.

வீரப் பரம்பரைகள் நாலு அடி முன்னால் வந்தன. எதிரே ஆள் வருவதைக் கண்டதும் இரண்டும் நின்றுவிட்டன. பிறகு மேலச்சுனையில் ஒருத்தன் தண்ணீர் குடிக்கச் சுனைக்குப் போனான். அவன் போவதைப் பார்த்துக் கீழச்சுனையில் ஏழெட்டுப் பேர் போனார்கள். யாரோ ஒரு அவசரக்காரன் ஈட்டியை எறிய, அது யார்மேலும் படாமல் விழ, அதற்கே பாதிப் படை வந்த வழியே ஊரைப் பார்த்து ஓடியது. துரைசிங்கத்தின் மனத்தைச் சுமந்த படைத்தலைவன், "போங்கலே" என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுக் குதிரையோடு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினான். பேச்சிமுத்து ஏற்கெனவே அங்கே இருந்தார்.

பூங்கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதிலேயே உண்மையான போர் இதுதான் என்று சந்தோஷப்பட்டாள்.

"அக்கா," என்றான் அருள்தாஸ். "இங்க பாருங்க."

ஓடுகிற கூட்டத்துக்கும் ஒதுங்குகிற கூட்டத்துக்கும் இடையில் இரண்டு பொம்மைகள் எதிரும் புதிருமாக வந்துகொண்டிருந்தன. மேலச்சுனை நாற்பத்து மூன்று, கீழச்சுனை நூற்றுப் பதினேழு. நடுப்பொட்டலில் சந்தித்தன. ஆயுதத்தைக் கீழே வைத்தன. தோளோடு தோள் ஒட்டி நின்று, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பி, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கல் வந்து விழுந்தபோது நூற்றுப் பதினேழு மற்றதன் முன்னால் வந்து மறைத்துக்கொண்டது.

"கோளாறா?" என்றான்.

மறுபடி ஓட்டினார்கள். இடம் மாற்றி, கோடிக்குக் கோடி தள்ளி நிறுத்தி ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவை இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

பூங்கோதையின் சிரிப்பு போய்விட்டது. "கோளாறு இல்ல அருள். தோழமை விதி. எந்த வளையம் பக்கத்துல இருந்தப்போ நெஞ்சு அடங்குச்சோ, பொம்மை அதைத் தேடிப் போகும். இவங்க ரெண்டு பேரும் காப்புக் கட்டுன நாள்லயே சந்திச்சிருக்காங்க."

"வேற வேற ஊருங்களே. காப்புக் கட்டுனா எல்லை தாண்டக்கூடாதுன்னு..."

"தாண்டியிருக்காங்க."

அருள்தாஸ் இரண்டு பொம்மைகளையும் எடுத்துத் தனியே வைத்தான். "அக்கா, நான் வளையம் கட்டப் போனப்போ அங்க சொன்னாங்க. இந்த மாதிரிதான் ஒரு பொண்ணும் பையனும், இந்த ஊரும் அந்த ஊருமா. ரெண்டு பேரையும் அந்தச் சுனையிலதான் பொணமா எடுத்தாங்களாம். தவறி விழுந்துட்டாங்கன்னு எழுதிட்டாங்க. சொன்னவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

பெயர்களைத் திறந்து பார்க்க அவளால் முடியும். பார்க்கவில்லை. தெரிந்துவிட்டால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள். ஒரு பெண், ஒரு பையன். கொடையன்று இரண்டு ஊரும் திரண்டு நின்று பெரிய திரையில் பார்க்கப்போகிறது. எண்ணைப் பார்த்தால் போதும், அன்றைக்கே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கோயிலைத் திறக்கத் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

மனவித்தில் கைவைக்க முடியாது, முத்திரை இருக்கிறது. விதியில் மட்டும் கைவைக்கலாம்.

அவள் துரைசிங்கத்தைப் போனில் கூப்பிட்டாள். "ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. உங்க வம்சத்துக்குப் பயம் பொருந்தாது. மூணு விதியையும் எடுத்துடறேன், ஆனா ரெண்டு பக்கமும் எடுக்கணும்." பிறகு பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். எதிரிக்கும் பயம் போய்விடுமே என்று இருவருக்கும் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் 'எங்களுக்குப் பயம் இருக்கட்டும்' என்று எந்த வாயால் சொல்வது? இருவரும் சம்மதித்தார்கள்.

அச்சம், பின்வாங்கல், தோழமை மூன்றையும் அவளே அடித்தாள். மிஞ்சியது நாய்க்கும் போதாத அந்த ஒற்றை விதி. எதிரியைக் கண்டால் தாக்கு.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் முரளிதரன். "ஒரு விதி போதும்னு. நீங்க படிச்சவங்க, லேட்டாத்தான் புரியும்."

தன் மிடுக்கைத் தானே மென்று விழுங்குவது அவளுக்குக் கசப்பாகத்தான் இருந்தது.

கொடையன்று காலையில் கோயில் திடலில் பந்தல் போட்டு, நடுவில் மேஜை போட்டு, கயிறு கட்டி மேலச்சுனையை ஒரு பக்கமும் கீழச்சுனையை மறுபக்கமும் உட்காரவைத்தார்கள். சாமியின் கழுத்தில் இரண்டு மாலைகள் தயாராக இருந்தன. நாதஸ்வரக் கோஷ்டியை மூன்றாவது ஊரிலிருந்து வரவழைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் தவில் யாருடையது என்று அதற்கொரு போர் நடக்கும். படைத்தலைவர்கள்மேல் தூவச் சொல்லி வந்தவர்கள் கையிலெல்லாம் ஒரு பிடி உதிரிப்பூவைத் திணித்தார்கள். பூங்கோதையின் கையிலும் திணித்தார்கள்.

அதிகாரி அம்மாள் விசிலை ஊதினார்.

இந்த முறை யாரும் நிற்கவில்லை. யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. முந்தாநாள் தண்ணீர் குடிக்கப் போனவன் இன்று ஈட்டியை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். சனம் எழுந்து நின்று கத்தியது. பூங்கோதை நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போதுதான் திரையில் அதைக் கண்டாள்.

மேலச்சுனையின் கடைசி வரிசையிலிருந்து நாற்பத்து மூன்று கிளம்பியது. எதிர்க்கோடியிலிருந்து நூற்றுப் பதினேழு. வழியில் இருந்த எதிரிகளை இரண்டும் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. குத்துப்பட்டும் நிற்காமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒன்றையொன்று நோக்கி ஓடின. விதி எதிரியைக் கண்டால் தாக்கு என்றுதான் சொன்னது. எந்த எதிரியைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இயந்திர வீரர்களுக்கு வந்ததில்லை, தேடிப் போக அதுகளுக்கு யாரும் கிடையாது. தோழமை விதி போனாலும் நெஞ்சில் ஓர் ஆள் இருக்கிற பொம்மைகளுக்கு அந்த விதியைத் தூக்கி மாட்டியபோது இந்த ஓட்டை அவள் கண்ணில் படவில்லை. தன்னை நொந்துகொள்ளக்கூட நேரம் இருக்கவில்லை.

நடுப்பொட்டலில் அவை சந்தித்தன. ஒரு கணம் நின்றன. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் ஈட்டியை ஓங்கின. பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பந்தல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியாலே! எங்கேருந்து எங்க ஓடி வந்து குத்துறான் பாரு!"

"என்ன பகையா இருந்தா இப்படித் தேடிப் போயிக் குத்துவான். அதுல்லா வீரம்."

மீதிப் போரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு படையும் கடைசி ஆள்வரை செத்துத் தீர்ந்தது. அதில் இரண்டு ஊருக்கும் ஏகப்பட்ட பெருமை. படைத்தலைவர்கள் இருவரும் பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து கிடந்ததை, மறைவிலிருந்து மோதியதாக இரண்டு ஊரும் சொல்லிக்கொண்டது. வெற்றி தோல்வி இல்லை என்று அதிகாரி அம்மாள் அறிவித்தார். அப்படியானால் மாலை யாருக்கு என்று கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

துரைசிங்கம் மேடையேறினார். "நாப்பத்தி மூணு யாரு ரத்தம்னு தெரியணும். அந்த வீட்டுக்குப் போகட்டும் மாலை."

"எங்க நூத்திப் பதினேழு மட்டும் எளச்சவனா?" என்றார் பேச்சிமுத்து. "ரெண்டு பேரயும் கூப்புடுங்க."

பூங்கோதை எழுந்தாள். "பேரைச் சொல்லக்கூடாது. வாக்குக் கொடுத்திருக்கோம்."

"பெருமையான விஷயம்தானே பூங்கோதை," என்று சிரித்துக்கொண்டே முரளிதரன் திரையில் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். அந்த நேரத்தில் அவரைக் கழுத்தைப் பிடித்துச் சுனையில் அமுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பெண்கள் பக்கம் திரும்பினாள். யார் முகம் வெளுக்கிறது, யார் எழுந்து ஓடப் பார்க்கிறாள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"மேலச்சுனை, முப்பிடாதி மகன் இசக்கிராஜா. கீழச்சுனை, சண்முகக்கனி மகன் வேல்மயில்," என்று படித்தார் முரளிதரன்.

பெண்கள் பக்கம் யாரும் அசையவில்லை. ஆண்கள் பக்கம் இரண்டு கோடியிலிருந்து இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவன் ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தான். மற்றவன் சட்டையில் டிராக்டர் எண்ணெய்க் கறை இருந்தது. சனம் அவர்களைத் தூக்காத குறையாக மேடைக்குத் தள்ளியது. பக்கம் பக்கமாக நின்றார்கள். யாரோ எவரோவாக இருந்தால், தன்னைக் குத்தியவன் யார் என்று ஒரு பார்வையாவது பார்த்திருப்பார்கள். இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அதில் நல்ல பழக்கம் தெரிந்தது.

பூங்கோதை மெதுவாக உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அருள்தாஸ் அவளைப் பார்த்தான். நானும் இவர்களோடு சேர்ந்த முட்டாள்தான், பெண் என்றே தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள்.

இப்போது மாலையைப் போடுவது யார்? மேலச்சுனைப் பையன் பேச்சிமுத்து கையால் வாங்க மாட்டான், கீழச்சுனைப் பையனைத் துரைசிங்கம் தொட மாட்டார். பூசாரி போடலாம் என்றால், அவர் முதலில் யாருக்குப் போடுகிறாரோ அதுதான் முதல் மாலை. மறுபடி பேருந்து எரியும். அரைமணி நேரம் வாதம் நடந்தது.

"சாமி கழுத்து மாலை ரெண்டயும் அவனுவ கையில குடுங்க," என்றார் துரைசிங்கம் கடைசியில். "ஒரே நேரத்துல அவன் இவனுக்குப் போடட்டும், இவன் அவனுக்குப் போடட்டும். முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

"அது சரியான பேச்சு," என்றார் பேச்சிமுத்து. முன்னூறு வருஷத்தில் இரண்டு ஊரும் முறைக்காமல் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது.

போட்டார்கள். இசக்கிராஜாவின் கை இம்மி முந்திவிட்டது. அப்படியானால் கீழச்சுனைக்காரன் கழுத்தில்தானே முதலில் விழுந்தது? மேலச்சுனை கத்தியது. கழற்றி, மறுபடி போடச் சொன்னார்கள். இந்த முறை வேல்மயிலின் கை முந்தியது. கீழச்சுனை கத்தியது. மறுபடி கழற்றினார்கள்.

"லே, மூஞ்சியப் பாத்துப் போடுங்கலே," என்று அதட்டினார் துரைசிங்கம். "எங்கயோ பாத்துக்கிட்டுப் போட்டா எப்படிச் சேந்து விழும்?"

அப்போதுதான் அவர்கள் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேல்மயிலின் கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. இசக்கிராஜா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தான். மாலைகள் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

மூன்றாவது முறை மாலை மாறியதும் தவில்காரர் பாவம், பழக்கதோஷத்தில் கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார். நாதஸ்வரமும் கூடவே ஏறிக்கொண்டது.

"ஓய், நிறுத்தும்," என்றார் பேச்சிமுத்து. "இங்க என்ன கல்யாணமா நடக்கு?"

பந்தலே சிரித்தது. துரைசிங்கம் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அதிகாரி அம்மாளும் சிரித்தார். மேடையில் நின்ற இருவரும் சிரித்தார்கள். தவில்காரர் கூச்சத்தில் கையை எடுப்பதற்குள் பூங்கோதை எழுந்து, கையில் வைத்திருந்த பூவை அவர்கள்மேல் தூவினாள். அதைப் பார்த்து இரண்டு ஊரும் தூவியது.